ட்ராக் டேக்கு ஒரு பழைய மஸ்தா எம்எக்ஸ்-5: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

பிரிட்டனில் ட்ராக் டேக்கென்று (சொந்தக் காரை ரேஸ் தடத்தில் கொண்டுபோய் விரட்டும் நாள்) பழைய கார் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது நாலைந்து பெயர்களில்தான்: பிஎம்டபிள்யூ 328ஐ, ரெனோ கிளியோ 172, ஹோண்டா சிவிக் டைப் ஆர், துணிக்கூரை போட்ட இரண்டு சீட் காரான மஸ்தா எம்எக்ஸ்-5. நேர்ப்பாதையில் முதல் மூன்றும் எம்எக்ஸ்-5ஐச் சுலபமாகத் தாண்டிப் போய்விடும். அப்படியும் எங்கள் தேர்வு எம்எக்ஸ்-5தான். காரணம் எடை. 1989-இல் வந்த 1.6 லிட்டர் எஞ்சின் கார் ஒரு டன்னுக்கும் கீழே. 328ஐ கிட்டத்தட்ட 1,400 கிலோ. எடை குறைந்த காரில் பிரேக் பேடும் டயரும் வீல் பேரிங்கும் நின்று உழைக்கும். நாள் முழுக்க விரட்டிவிட்டு அதே காரில் வீடு திரும்பலாம். கிளியோவும் நல்ல கார்தான், ஆனால் அதில் டைமிங் பெல்ட் மாற்ற கேம்ஷாஃப்ட்டைப் பூட்டிவைக்கும் தனிக் கருவிகள் வேண்டும், செலவும் அதற்கேற்றபடி ஏறும். எம்எக்ஸ்-5 பெல்ட்டைச் சாதாரண ஸ்பேனர் செட்டோடு வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம்.

வாங்க வேண்டியது 1997 வரை வந்த முதல் தலைமுறையான என்ஏவா, 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையான என்பியா? மேலெழும் முகப்பு விளக்கு இருக்கிறது என்பதற்காகவே என்ஏ விலை ஏறிக்கிடக்கிறது. ட்ராக்கில் அந்த விளக்கால் ஒரு பயனும் இல்லை. என்பி 1.8 சுமார் 140 குதிரைத்திறன் தரும். பணத்துக்கு அதுதான் சரி. என்ஏதான் வேண்டும் என்றால் ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள்: 1995-க்குப் பின் பிரிட்டனில் விற்ற 1.6-இன் திறனை 90 குதிரைத்திறனாகக் குறைத்துவிட்டார்கள். ஆரம்ப கால 1.6 தந்தது 115. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

எஞ்சினைப் பார்க்கும் முன் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். இந்தக் காரைக் கொல்வது துருதான், எஞ்சின் அல்ல. துணிக்கூரையில் விழும் மழைநீர், சீட் பெல்ட்டுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகுழாய் வழியே இறங்கிப் பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியேற வேண்டும். இலைச் சருகு அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே தேங்கி, கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தைப் பின்முனையிலிருந்து அரிக்கும். அந்த முனையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பெயின்ட் கொப்புளித்து மொறுமொறுவென்று உடைந்தால் வெல்டிங் வேலை காத்திருக்கிறது. என்பியில் இன்னொரு இடம், இதைவிட மோசமானது: முன்பக்க சேஸிஸ் சட்டம். அதற்குள் இரட்டைத் தகடு வைத்திருக்கிறார்கள். சாலை உப்பும் சேறும் இடையில் சிக்கி உள்ளிருந்தே அரித்துவரும். வெளியே ஓட்டை தெரியும்போது உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. அடித்தட்டைக் கழற்றிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். ஜப்பானிலிருந்து இறக்குமதியான யூனோஸ் ரோட்ஸ்டர்களில் (அங்கே எம்எக்ஸ்-5-க்கு அதுதான் பெயர்) துரு குறைவாக இருக்கும் வாய்ப்பு உண்டு. ஆனாலும் பிரிட்டனில் எத்தனை குளிர்காலம் ஓடியது என்று கேளுங்கள்.

எஞ்சின்கள் பொதுவாக உறுதியானவை. 1989 முதல் 1991 தொடக்கம் வரை வந்த 1.6-இல் மட்டும் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை குட்டை. புல்லி போல்ட் சரியாக இறுகாவிட்டால் புல்லியை நிலைநிறுத்தும் சாவிக்காடி தேய்ந்து புல்லி ஆடத் தொடங்கும், பிறகு கிராங்க்கையே மாற்ற வேண்டிவரும். முன்னால் இருந்து புல்லியில் உள்ள பிளவுகளை எண்ணுங்கள்: நாலு என்றால் குட்டை முனை, எட்டு என்றால் பிரச்சினை இல்லை. 2001 வாக்கில் வந்த என்பி 1.8 சிலவற்றில் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் பேரிங் தேய்வது உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் கிளட்சை அழுத்தட்டும், இன்னொருவர் புல்லியைப் பார்க்கட்டும். புல்லி முன்னால் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். குளிரில் என்ஏ எஞ்சின் டிக்டிக் என்று சத்தம் போடுவது ஹைட்ராலிக் லிஃப்டரால். அதற்குப் பயப்பட வேண்டாம்.

மாற்றங்களுக்கு வருவோம். டர்போ ஆசையைத் தள்ளிவையுங்கள். 1.6-இன் சின்ன டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்குத் திறனைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) அதைத் தாங்காது, 1.8-இன் பெரியதை மாற்ற டிஃபரன்ஷியலோடு ஆக்சிலும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சேர்ந்து வாங்க வேண்டும்.

முதல் பணம் பிரேக்குக்கும் குளிரூட்டலுக்கும். நல்ல டாட் 4 ரேஸிங் பிரேக் ஆயில், வெப்பம் தாங்கும் பேட், இந்த இரண்டும் போதும். பெரிய காலிப்பர் (பேடை அழுத்தும் கவ்வி) தேவையே இல்லை. பின்காலிப்பரின் வழுக்கு ஊசிகள் இறுகிப்போவது இந்தக் காரின் தீராத நோய். கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடுங்கள். பிறகு பின்புறம் உள்ள சிறு போல்ட்டைக் கழற்றினால் உள்ளே ஆலன் கீ போடும் இடம் தெரியும். சக்கரம் நிற்கும்வரை இறுக்கி, மூன்றில் ஒரு சுற்று தளர்த்துங்கள். பெடல் தொய்வாக இருக்கிறது என்று புகார் வரும் கார்களில் பெரும்பாலும் தப்பு இங்கேதான்.

ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பாக மாறியிருந்தால் வெடிக்கத் தயாராகிவிட்டது. அலுமினிய ரேடியேட்டர் போடுங்கள். இந்த எஞ்சின் முதலில் முன்சக்கர ஓட்டக் காரில் குறுக்காக இருந்தது. நெட்டுக்குத் திருப்பியபோது கூலண்ட் வெளியேறும் வழியைப் பின்னாலிருந்து முன்னுக்கு மாற்றினார்கள். அதனால் பின் சிலிண்டர்களுக்குக் குளிர்ச்சி குறைவு. தெர்மோஸ்டாட்டைப் பின்பக்கத்துக்கே மாற்றும் கிட் கிடைக்கிறது. வெயில் நாளில் நீண்ட நேரம் விரட்டுகிறவர்களுக்கு அது தேவை.

அடுத்தது சஸ்பென்ஷன். 15 அங்குல ரிம், 195/50 டயர், முன்னால் மைனஸ் இரண்டரை டிகிரி கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம்), பின்னால் அரை டிகிரி குறைவாக. இங்கே ஒரு இடைஞ்சல்: அலைன்மெண்ட் போல்ட்டுகள் ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். ஸ்பேனர் போட்டால் ரப்பர்தான் முறுகும், போல்ட் சுழலாது. இருபுறமும் அறுத்துத்தான் எடுக்க முடியும். எனவே அலைன்மெண்டுக்குப் போகும் முன்பே போல்ட்டுகளைத் திருகிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் புது போல்ட், புது புஷ் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

திறந்த காருக்கு ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு) கட்டாயம் என்பது எங்கள் கருத்து, ஏற்பாட்டாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும். பொருத்தியபின் ரோல் பாரின் உச்சிக்கும் விண்ட்ஷீல்டின் மேல்விளிம்புக்கும் ஒரு நீளக் கம்பு வையுங்கள். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தால் தலை கம்புக்குக் கீழே இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும். உயரமானவர்களுக்கு இது பெரும்பாலும் ஒத்துவராது. அசல் சீட்டின் நுரையைச் சீவினாலோ தாழ்வான சீட் போட்டாலோ சரியாகும்.

சாலைக் காப்பீடு பொதுவாக ட்ராக் டேயைச் சேர்க்காது. அந்த ஒரு நாளுக்குத் தனியாக எடுக்கலாம். எக்சாஸ்ட் மாற்றியிருந்தால் அந்தத் தடத்தின் டெசிபல் வரம்பை முன்பே பாருங்கள், மீறினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தடத்தில் ஒவ்வொரு முறை ஓட்டி முடித்து உள்ளே வந்ததும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் 110 நியூட்டன் மீட்டருக்குச் சரிபாருங்கள், எண்ணெய்க் கம்பியையும் இழுத்துப் பாருங்கள்.