கடல்காற்றில் ஒன்றரை வருடம்: நானே வரைந்த யூ.எஸ்.பி-சி பி.டி. போர்டு

கரண்ட் போனாலும் ரவுட்டர் ஓட, பவர் பேங்கிலிருந்து 12 வோல்ட் எடுத்துத் தரும் போர்டு ஒன்றை நானே வரைந்தேன். எந்த பி.டி. (பவர் டெலிவரி, அதாவது எத்தனை வோல்ட் என்று சார்ஜரோடு பேசி வாங்கும் முறை) சிப் நல்லது என்று படித்துப் படித்து நான் செலவழித்த நேரத்தில் பாதியையாவது, கேபிளைச் செருகும் அந்தச் சின்ன சாக்கெட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டும். ஒன்றரை வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு எனக்குத் தெரிந்த பெரிய விஷயம் இதுதான்.

எனக்கு வீடு தேவனாம்பட்டினத்தில், கடை மஞ்சக்குப்பத்தில். மொபைல், லேப்டாப் சர்வீஸ். கடலூர்க்காரர்களிடம் கரண்ட் போவதைப் பற்றி விளக்கத் தேவையில்லை, 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று அவரவர் வீட்டில் ஒரு கணக்கு இருக்கும். இப்போது கரண்ட் போனால் விளக்கை விட நெட் போவதுதான் பெரிய தொந்தரவு. ரவுட்டருக்கு 12 வோல்ட் வேண்டும். கையில் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் இருக்கிறது, யூ.எஸ்.பி-சி வழியாக 65 வாட் வரை தரும். நடுவில் ஒரு போர்டு இருந்தால் போதும் என்று 2024 ஜூலையில் போர்டு வரையும் மென்பொருளான கீகேட் திறந்து உட்கார்ந்தேன். ஆகஸ்டில் ஐந்து போர்டு வந்தது.

பி.டி. எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் கதைக்கு அது வேண்டும். சி சாக்கெட்டில் மொத்தம் 24 பின். அதில் சி.சி. என்று இரண்டு பின், பேச்சுவார்த்தை எல்லாம் அதில்தான். நம் பக்கம் அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 5.1 கிலோ ஓம் இருந்தால்தான் சார்ஜர் 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று புரிந்துகொண்டு முதலில் 5 வோல்ட் திறக்கும். அப்புறம் தன்னிடம் என்னென்ன வோல்ட், எத்தனை ஆம்ப் இருக்கிறது என்று பட்டியல் அனுப்பும், நம் சிப் அதில் ஒன்றைக் கேட்கும், சார்ஜர் சரி என்று சொல்லி வோல்ட்டை ஏற்றும். இதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

முதல் போர்டில் போட்டது சி.எச். 224கே என்ற பி.டி. சிப். விலை குறைவு, புரோகிராம் எதுவும் வேண்டாம், ஒரு ரெசிஸ்டர் மாற்றினால் கேட்கும் வோல்ட் மாறிவிடும். 24 கிலோ ஓம் வைத்தால் 12 வோல்ட். நேராக 12 வாங்கி நேராக ரவுட்டருக்குக் கொடுத்துவிடலாம், கன்வெர்ட்டரே வேண்டாம் என்று நினைத்தேன். என் பவர் பேங்கில் அருமையாக வேலை செய்தது. லேப்டாப் சார்ஜரில் செருகினேன், மீட்டரில் 9 வோல்ட். காரணம் எளிது. பி.டி. விதியில் வழக்கமான படிகள் 5, 9, 15, 20 மட்டும்தான். 12 என்பது சார்ஜர் செய்தவர் விருப்பப்பட்டால் வைப்பது. இருக்கும், இல்லாமலும் போகும். யாராவது 12 வோல்ட்டை நம்பி போர்டு வரையப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம். 15 அல்லது 20 வாங்கி, பக் கன்வெர்ட்டர் வைத்து 12-க்கு இறக்குங்கள். நானும் அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு (எதுவும் இல்லையென்றால் அந்தச் சிப் 20 கேட்கும்) பின்னால் ஒரு பக் மாட்யூலை ஒட்டவைத்தேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. அன்றைக்குத்தான் போர்டுக்கு உண்மையான பரீட்சை. ரவுட்டர் சுமார் 6 வாட் இழுக்கும். பேங்கில் இருப்பது 74 வாட்-மணி, 20-க்கு ஏற்றுவதில் கொஞ்சம், 12-க்கு இறக்குவதில் கொஞ்சம் போனது போக எனக்குக் கிடைத்தது ஒன்பது மணி நேரம் சொச்சம். எங்கள் தெருவில் ஃபைபர் அறுந்து போகாமல் இருந்தது அதிர்ஷ்டம். புதுச்சேரியில் லாஸ்பேட்டையில் இருக்கிற அக்காவிடம் விடியும்வரை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். அந்த ஒரு இரவுக்காகவே இந்த வேலை எனக்குப் பெரியது.

குறையும் அந்த வாரமே தெரிந்தது. பேங்கை சார்ஜில் போட்டபடியே போர்டையும் ஓட்டினால், கரண்ட் போகும்போதும் வரும்போதும் பேங்க் தன் வெளியீட்டை ஒரு நொடி அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பேசுகிறது. ரவுட்டர் ரீபூட் ஆகி இரண்டு நிமிடம் போய்விடும். பேங்கின் இன்னொரு போர்ட்டில் போனைச் செருகினாலும் இதே கதை. பெரிய கெபாசிட்டர் வைத்துச் சமாளிக்கலாமா என்று கணக்குப் போட்டேன். 6 வாட், ஒரு நொடி, 6 ஜூல். 20 வோல்ட்டிலிருந்து 13 வரை இறங்கலாம் என்றால் ஏறக்குறைய 52,000 மைக்ரோஃபாரட் வேண்டும். போர்டை விட கெபாசிட்டர் பெரிதாக இருக்கும். போர்டில் இதற்குத் தீர்வு கிடையாது, வெளியீட்டை அணைக்காத பேங்காகத் தேடி வாங்குவதுதான் வழி. கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

இனி சாக்கெட்டுக்கு வருகிறேன்.

கடலூர் முதுநகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு ஒரு போர்டு கொடுத்திருந்தேன், துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு. 2025 ஜனவரியில் போன் செய்தார். "தம்பி, உன் பெட்டில லைட் எரியுது, ஆனா நெட் வரலப்பா." நேரில் போய்ப் பார்த்தால் விளக்கு எரிகிறது, வெளியே 12 இல்லை. என் தவறுதான் அது. எல்.இ.டி.யை உள்ளே வரும் லைனில் போட்டிருந்தேன். வெறும் 5 வோல்ட் வந்தாலும் அது எரியும். பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். விளக்கை வெளியீட்டில் போட வேண்டும்.

போர்டைக் கடைக்குக் கொண்டு வந்து சாக்கெட்டை லூப்பில் (கண்ணோடு வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடி) பார்த்தேன். நடுவில் இருக்கிற நாக்கில், ஏ4 பின்னுக்கும் ஏ5 பின்னுக்கும் நடுவே கடுகில் பாதிகூட இல்லாத பச்சைத் திட்டு, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது போல. பின் மேல் இருந்த தங்கப் பூச்சு அந்த இடத்தில் போய்விட்டிருந்தது. ஏ4 என்பது 20 வோல்ட் வரும் பின். அதை ஒட்டியே, அரை மில்லிமீட்டர் தள்ளி இருப்பது ஏ5, அதாவது சி.சி. பின். செருகியபடியே மாதக்கணக்கில் இருந்தால் அந்த 20 வோல்ட் இரவும் பகலும் அங்கே நிற்கிறது. கடல்காற்றின் ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரண்டு பின்னுக்கும் நடுவே கரண்ட் கசியும், கசியக் கசிய உலோகம் அரிக்கும். ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தேன், திட்டு போனது, ஆனால் சிப்புக்கு உயிர் திரும்பவில்லை. கசிந்த 20 வோல்ட் சி.சி. பின் வழியாக உள்ளே போய், சிப்பின் பேசும் பகுதியைக் கெடுத்துவிட்டிருந்தது. என் வீட்டுப் போர்டிலும் அதே இடத்தில் திட்டு ஆரம்பித்திருந்தது, அது சுத்தம் செய்ததும் பிழைத்துக்கொண்டது.

அதனால்தான் இரண்டாம் பதிப்பில் எஸ்.டி.யூ.எஸ்.பி. 4500-க்கு மாறினேன். விலை பல மடங்கு, காலே இல்லாத நான்கு மில்லிமீட்டர் சதுரச் சிப், ஹாட் ஏர் இல்லாமல் வைக்க முடியாது. ஆனால் அதன் சி.சி. பின்கள் 22 வோல்ட் வரை தாங்கும். என் ஊருக்கு அந்த ஒரு வரி போதும். தவிர, மூன்று ஆசைகளை வரிசையாகச் சொல்லி வைக்கலாம்: முதலில் 20, இல்லையென்றால் 15, அதுவும் இல்லையென்றால் 5. ஐ2சி என்ற இரண்டு கம்பி இணைப்பு வழியாக ஒருமுறை எழுதிவிட்டால் உள்ளேயே நினைவு வைத்துக்கொள்ளும், நான் கையிலிருந்த ஆர்டுயினோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டை வைத்தே எழுதினேன். 5 வோல்ட்டுக்கு மேல் கிடைத்தால் மட்டும் வெளியே விடு என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அதைக் கட்டாயம் போடுங்கள்.

2025 பிப்ரவரியில் இந்த ஐந்து போர்டு வந்தபோது ஒன்றுகூட உயிர்பெறவில்லை. இரண்டு நாள் தூக்கம் இல்லை. கடைசியில் டேட்டா ஷீட்டில் இருந்தது பதில். சி.சி.1-க்குப் பக்கத்தில் சி.சி.1டி.பி. என்று தனிப் பின், சி.சி.2-க்கும் அப்படியே. சிப்புக்குக் கரண்டே இல்லாத நிலையில் அந்த 5.1 கிலோ ஓமைக் காட்டுவது அந்தப் பின்கள்தான். இரண்டையும் இணைக்காமல் விட்டால் சார்ஜருக்கு நாம் இருப்பதே தெரியாது, அது 5 வோல்ட் திறக்காது, திறக்காததால் சிப் எழுந்திருக்காது. நல்லவேளை, அவை பக்கத்துப் பக்கத்துப் பின்கள். ஃப்ளக்ஸ் போட்டு ஒரு துளி சாலிடரால் பாலம் கட்டினேன். ஐந்தும் எழுந்துவிட்டன.

அடுத்து, வெளியே விடும் மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) சட்டென்று திறந்ததால் பின்னாலிருந்த கெபாசிட்டர்கள் ஒரே மூச்சில் கரண்டை இழுத்து, சில சார்ஜர்கள் பயந்து அணைந்துவிட்டன. அதன் கேட், சோர்ஸ் என்ற இரண்டு கால்களுக்கும் நடுவே 100 நானோஃபாரட் கெபாசிட்டர் வைத்து மெதுவாகத் திறக்க வைத்தேன், அதோடு முடிந்தது. போர்டில் கரண்ட் ஓடும் காப்பர் கோட்டின் அகலம், கேபிள் எல்லாம் பெரிய விஷயம் இல்லை. 3 ஆம்புக்கு 1.4 மில்லிமீட்டர் போதும், நான் நாலு விட்டேன். அந்த 3 ஆம்புக்கு மேல் வேண்டுமென்றால் மட்டும் இ-மார்க்கர் (தன் திறனைச் சார்ஜருக்குச் சொல்லும் சிப்) உள்ள கேபிள் தேவை.

உப்புக்கு என்ன செய்தேன் என்றால், போர்டு முழுவதும் அக்ரிலிக் கோட்டிங், சாக்கெட்டின் வாயை மட்டும் கேப்டான் என்ற வெப்பம் தாங்கும் டேப்பால் மூடிவிட்டு. உள்ளே கோட்டிங் போனால் கேபிள் தொடாது. பெட்டியைச் சுவரில் மாட்டும்போது சாக்கெட் தரையைப் பார்க்கும்படி வைத்தேன், நீர் கோத்து நிற்காது. ஜன்னல் ஓரத்தில் வைக்கக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். மாதம் ஒருமுறை கேபிளைக் கழற்றி ஐ.பி.ஏ.யில் ஒரு துடைப்பு. இரண்டாம் பதிப்பு ஐந்தும் ஒரு மழைக்காலம் தாண்டி ஓடுகின்றன. லாஸ்பேட்டையில் அக்கா வீட்டில் இருப்பதில் லூப் வைத்துப் பார்த்தும் கறையே இல்லை, அங்கிருந்து கடல் கொஞ்சம் தூரம். முதுநகரில் இருப்பதில் மெல்லிய மங்கல் வந்திருக்கிறது, கசிவு இல்லை.

சி.எச். 224கே மோசம் என்று சொல்ல வரவில்லை. உள்நாட்டு ஊர்களில், எப்போதாவது செருகிக் கழற்றும் வேலைக்கு, என் கடை சாலிடரிங் அயர்னில் இருப்பது போல, அதுவே தாராளம். அந்த அயர்ன் போர்டு முதல் பதிப்புதான், இன்றுவரை ஒரு தொந்தரவு தரவில்லை. இரவும் பகலும் செருகியே இருக்கும், கடலும் பக்கத்தில் என்றால் மட்டும் சி.சி. பின்னின் தாங்கும் திறனைப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாம் பதிப்பு வரைந்துகொண்டிருக்கிறேன். சர்க்யூட்டில் ஒரு கோடும் மாறவில்லை. சாக்கெட்டை மட்டும் பெருவிரல் நக அளவுக்குத் தனிப் போர்டாக்கி, இரண்டு ஸ்க்ரூவும் ஒரு ஆறு பின் கனெக்டரும் கொடுத்திருக்கிறேன். அரித்துப் போனால் அந்தத் துண்டை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு இரண்டு துண்டு கூடுதலாகக் கொடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.