காசு வாங்கிட்டு ஸ்கைரிம் மாட் செட்டப் பண்ணித் தர்றேன்னு வர்றவங்க விஷயத்துல கொஞ்சம் உஷாரா இருங்க

மக்களே, இது புலம்பல் பதிவுதான், ஆனா ஸ்கைரிம் கேமுக்கு மாட் (கேம மாத்த ரசிகர்கள் செஞ்ச கூடுதல் ஃபைல்) போட்டு, அத நிர்வகிக்க மாட் ஆர்கனைசர் 2ங்கற ப்ரோக்ராம யூஸ் பண்றவங்க முழுசா படிச்சிருங்க. யாருன்னு பேர் சொல்லப் போறதில்ல, சொன்னா வேற பேர்ல வந்து நிப்பாரு, அவ்ளோதான்.

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன்ல நூத்தம்பது மாட் கிட்ட நானே போட்டு வச்சிருந்தேன், நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. புதுசா ரெண்டு மூணு அனிமேஷன் மாட் சேர்த்தேன், அதுக்கு நெமிசிஸ் (அனிமேஷன் மாட் எல்லாத்தையும் சேர்த்து கேமுக்கு ஃபைல் ஜெனரேட் பண்ற டூல்) மறுபடி ரன் பண்ணணும், எஸ்எஸ்இ எடிட்ங்கற டூல்ல மாட் ஒண்ணோட ஒண்ணு மோதுதான்னு பார்க்கணும், நிழல் செட்டிங் வேற குறைக்கணும். வேலை முடிஞ்சு வந்து இதெல்லாம் உக்காந்து பண்ண பொறுமை இல்ல. அப்பதான் ஒருத்தர், "ப்ரோ, ஸ்கிரீன் ஷேர்ல கன்ட்ரோல் குடுங்க, ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தர்றேன்"னாரு. காசு முழுசும் முன்னாடியே வேணும்னாரு, அனுப்பிட்டேன். அங்கயே யோசிச்சிருக்கணும்.

வந்ததும் முதல் வேலையா ஆன்டிவைரஸ மொத்தமா ஆஃப் பண்ணச் சொன்னாரு. மாட் ஆர்கனைசரோட விர்ச்சுவல் ஃபைல் சிஸ்டத்த சில ஆன்டிவைரஸ் தப்பா பிடிக்கும், அது நெஜம்தான், ஆனா அதுக்கு அந்த ஃபோல்டர மட்டும் விலக்கு லிஸ்ட்ல போட்டா போதும். அப்புறம் எஸ்எஸ்இ எடிட்ட டெஸ்க்டாப்ல இருந்து டபுள் கிளிக் பண்ணி நேரா திறந்தாரு. பிளகின் (கேம் லோட் பண்ற மாட் ஃபைல்) செலக்ட் பண்ற விண்டோ வந்துச்சு, அதுல என் மாட் ஒண்ணு கூட இல்ல. கேமோட சொந்த ஃபைல் மட்டும்தான்: ஸ்கைரிம், அப்டேட், டான்கார்ட், ஹார்த்ஃபயர்ஸ், டிராகன்பார்ன். அவர் ஒரு நிமிஷம் மவுஸ சும்மா ஆட்டிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் "உங்க இன்ஸ்டால் கரப்ட் ஆயிருக்கு ப்ரோ"ன்னாரு.

கரப்ட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. மாட் ஆர்கனைசர் எந்த மாடையும் கேமோட டேட்டா ஃபோல்டருக்குள்ள வைக்கறதே இல்ல. எல்லாம் அதோட தனி மாட்ஸ் ஃபோல்டர்ல கிடக்கும், அதுக்குள்ள இருந்து எந்த ப்ரோக்ராம ஸ்டார்ட் பண்றோமோ அந்த ப்ரோக்ராமுக்கு மட்டும் எல்லாம் டேட்டாவுல இருக்கற மாதிரி காட்டும். வெளிய இருந்து திறந்தா டூல் கண்ணுக்கு வெறும் கேம்தான் தெரியும். வோர்டெக்ஸ்ங்கற இன்னொரு மாட் மேனேஜர்ல இந்தப் பிரச்சனை இல்ல, ஏன்னா அது டிப்ளாய் பண்ணும்போது ஹார்ட்லிங்க் (அதே ஃபைல இன்னொரு இடத்துலயும் இருக்க வைக்கற இணைப்பு) போட்டு நெஜ டேட்டாவுலயே ஃபைல வச்சிரும், அதனால வெளிய இருந்து திறந்தாலும் எல்லாம் தெரியும். அந்தாளுக்கு வோர்டெக்ஸ் மட்டும்தான் தெரியும்னு நான் நினைக்கிறேன். தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிருந்தா கோவமே வந்திருக்காது.

அவர் என்ன பண்ணாருன்னா, நான் தண்ணி குடிக்கப் போன கேப்ல என் மாட் ஃபோல்டர் எல்லாத்துக்குள்ளயும் இருந்த ஃபைல அள்ளி நெஜ டேட்டா ஃபோல்டர்ல கொட்டிட்டாரு. திரும்பி வந்தா காப்பி ஆகுற பார் ஓடிட்டு இருக்கு, கேட்டா "ஃபிக்ஸ் பண்றேன்"ங்கறாரு. அதுக்கு மேல நெமிசிஸயும் வெளிய இருந்தே ரன் பண்ணி, பெத்தினியயும் (கேம் செட்டிங் மாத்தற டூல்) அதே மாதிரி திறந்து ஏதோ மாத்திட்டு, "டன் ப்ரோ"ன்னு கிளம்பிட்டாரு.

கேம ஓப்பன் பண்ணேன். கத்திய உருவினா என் ஆளு ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு சிலை மாதிரி நிக்கிறான், அப்படியே வழுக்கிக்கிட்டு நகருறான். காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது: நான் முன்னாடி ரன் பண்ணி வச்ச பழைய நெமிசிஸ் அவுட்புட் மாட் ஆர்கனைசரோட இடது பக்க மாட் லிஸ்ட்ல டிக் ஆகித்தான் இருந்துச்சு, மாட் ஆர்கனைசர்ல இருக்கற ஃபைல் நெஜ டேட்டாவுல இருக்கறத எப்பவும் மறைச்சிரும், அதனால அவர் புதுசா ஜெனரேட் பண்ணது அடியில போய் மாட்டிக்கிச்சு. நிழலும் துளி கூட மாறல. மாட் ஆர்கனைசர்ல என் ப்ரொஃபைலுக்குத் தனி ஐஎன்ஐ (கேம் செட்டிங் ஃபைல்) ஆப்ஷன் ஆன்ல இருக்கு, அதனால கேம் அதத்தான் படிக்கும், அவர் மாத்தினது டாகுமென்ட்ஸ்ல மை கேம்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கற ஃபைல. ப்ரொஃபைல் ஃபோல்டர்ல ஸ்கைரிம்ப்ரெஃப்ஸ திறந்து பார்த்தா ஷேடோ மேப் ரெசல்யூஷன் அதே 4096.

சரி, பிரச்சனை பண்ற மாட எடுத்துரலாம்னு டிக்க எடுத்தா, அந்த மாட் கேமுக்குள்ள அப்படியே இருக்கு. எல்லா டிக்கையும் எடுத்தேன், அப்பவும் இருக்கு! லிஸ்ட்ல ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்தா அன்மேனேஜ்டுன்னு (மாட் ஆர்கனைசர் கட்டுப்பாட்டுல இல்லாதது) போட்டு வரிசையா என் பிளகின் பேரெல்லாம் நிக்குது. அத பார்த்தப்பதான் அவர் என்ன பண்ணிட்டுப் போனாருன்னே எனக்கு வெளிச்சமாச்சு. மெசேஜ் போட்டேன், "உங்க சிஸ்டம் பிரச்சனை"ன்னாரு, ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், பிளாக் பண்ணிட்டாரு. காசு போனது போனதுதான்.

யாரையாவது உக்கார வச்சு பண்ணச் சொல்றீங்கன்னா ஒண்ணே ஒண்ணு கவனிங்க. டூல் சரியான வழியில ஸ்டார்ட் ஆச்சுன்னா மாட் ஆர்கனைசர் விண்டோ பூட்டிக்கும், அன்லாக்னு ஒரு பட்டன் மட்டும் நிக்கும். என் ஸ்கிரீன்ல அன்னைக்கு ஒரு தடவை கூட அது வரல, எனக்கும் உறைக்கல. மேல பல்சக்கர ஐகான் இருக்குல்ல, அதுல டூலோட எக்ஸிய சேர்த்துட்டு, வலது பக்க டிராப்டவுன்ல செலக்ட் பண்ணி ரன் குடுக்கணும், அதான் வழி. டூல் புதுசா எழுதற ஃபைல் எல்லாம் ஓவர்ரைட் ஃபோல்டர்ல வந்து விழும், அத தனி மாடா மாத்தி பேர் வச்சிருங்க, இல்லன்னா எக்ஸி சேர்க்கற இடத்துலயே அவுட்புட் எந்த மாடுக்குப் போகணும்னு டிக் பண்ணிரலாம். டூலுக்கு என்ன தெரியுதுன்னு டவுட்டா இருந்தா மாட் ஆர்கனைசர் கூடவே வர்ற எக்ஸ்ப்ளோரர் ப்ளஸ் ப்ளஸ்ஸ (ஃபோல்டர் பார்க்கற ப்ரோக்ராம்) அதே டிராப்டவுன்ல இருந்து ரன் பண்ணி டேட்டாவுக்குள்ள போய் பாருங்க, மாட் ஃபைல் எல்லாம் அங்க தெரியணும்.

ஏற்கனவே கொட்டிட்டாங்கன்னா ஸ்டீம்ல வெரிஃபை குடுத்து பிரயோஜனம் இல்ல, அது கெட்டுப்போன ஒரிஜினல் ஃபைலத்தான் சரி பண்ணும், கூடுதலா கிடக்கற குப்பைய தொடாது. நான் கேம அன்இன்ஸ்டால் பண்ணி, மிச்சம் கிடந்த ஃபோல்டரையும் கையால டெலீட் பண்ணிட்டுத்தான் திரும்பப் போட்டேன். மாட்ஸ் ஃபோல்டர் தனியா இருந்ததால அது தப்பிச்சுது. நெமிசிஸ உள்ள இருந்து ரன் பண்ணேன், பத்து நிமிஷம் கூட ஆகல, கை மடங்கிடுச்சு.

ஆனா அந்தக் கூத்துக்கு நடுவுல அதே கேரக்டர்ல நாலஞ்சு தடவை சேவ் பண்ணித் தொலைச்சிருக்கேன், நல்ல சேவ் மேலயே. எதையும் நம்ப முடியல. இப்ப புது கேம் ஆரம்பிச்சு, மறுபடியும் கையக் கட்டிப் போட்டு ஹெல்கனுக்கு அந்த ஆரம்ப சீன் வண்டியில போயிட்டு இருக்கேன்.