7,500 ரூபாய்க்கு ஒரு ஊமைப்படம்: பழைய கேம்கார்டர் வீடியோ வெச்சிருக்கிறவங்க கவனத்துக்கு

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க. 7,500 ரூபாய் போச்சு. கடைப் பேரைச் சொல்ல விரும்பல. திருச்சியில கல்யாண வீடியோ எடிட் பண்ணி ஆல்பம் போட்டுத் தர்ற கடைன்னு மட்டும் வெச்சுக்குங்க. சத்தம் வராத வீடியோவை வீட்டுலயே எப்படிச் சரி பண்றதுன்னு கடைசியில படிப்படியா சொல்றேன்.

2011-ல அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூர்ல. சிங்கப்பூர்லேர்ந்து வாங்கிட்டு வந்த கேம்கார்டர்ல சித்தப்பாவே எடுத்தாரு. அங்க போனவங்களுக்குத் தெரியும், ஒரே நேரத்துல வரிசையா பல ஜோடி உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு ஜோடிக்கும் தனி ஐயர், எந்த மேளம் யாருக்கு அடிக்குதுன்னே புரியாது. அந்த இரைச்சல்ல அப்பா எட்டி, "சாமி, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. எனக்கே கேட்கல, அம்பாளுக்கு எப்படிக் கேட்கும்?"னாரு. ஐயருக்கே சிரிப்பு வந்துடுச்சு. போன வருஷம் அப்பா தவறிட்டாரு. வர்ற வியாழக்கிழமை வருஷ திதி. சொந்தபந்தம் கூடுறப்ப இதைப் போட்டுக் காட்டணும்னுதான் மெமரி கார்டைத் தேடி எடுத்தேன்.

லேப்டாப்ல இருந்த எடிட்டிங் மென்பொருள்ல ஏத்தினா படம் வருது, சத்தம் வரல. சரி, தெரிஞ்சவங்ககிட்ட கொடுப்போம்னு அந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயசு இருக்கும். நெத்தியில விபூதி, தன்மையான பேச்சு. ஃபைலை ஏத்தி, டைம்லைன்ல படத்துக்கான பட்டை மட்டும் நீளமா கிடக்கிறதையும், அதுக்குக் கீழ ஆடியோ பட்டை இருக்க வேண்டிய இடம் காலியா இருக்கிறதையும் விரலை வெச்சுக் காட்டுனாரு. அப்புறம் அவரோட ஹெட்ஃபோனைக் கழட்டி என் காதுல மாட்டி விட்டாரு. "கேட்குதா சார்? ஒண்ணுமே இல்ல பாருங்க. அன்னிக்குக் கேமரா மைக் போயிருக்கு. ஆடியோ ரெக்கவரி போடணும்." அந்த ஹெட்ஃபோன்லதான் நான் விழுந்தேன். காதால கேட்ட பிறகு என்ன சந்தேகம்? அப்பா மேட்டர்னு சொன்னதும், "உங்க அப்பா குரலைக் கொண்டு வர்றது என் பொறுப்பு"ன்னு வேற சொன்னாரு. 3,000 அட்வான்ஸ், மீதி 4,500 டெலிவரி அன்னிக்கு. பில் கேட்டா, ஒரு துண்டுச் சீட்டுல தொகையை எழுதிக் கொடுத்தாரு.

சித்தப்பா ஊருக்கு வந்தப்பல்லாம் அந்தக் கேமராவோட குட்டித் திரையிலயே இதைச் சத்தத்தோட பார்த்திருக்கோம்! மைக் போயிருந்தா அது எப்படி? இந்தக் கேள்வி அன்னிக்கு என் மண்டையில உதிக்கலையே, அதுதான் எரியுது.

ஒரு வாரம்னாரு. ரெண்டாவது வாரம் "முகூர்த்த சீசன் சார்". மூணாவது வாரம் "சென்னையில ஒருத்தர்கிட்ட அனுப்பியிருக்கேன்". அப்புறம் வாட்ஸப்ல ரெண்டு நீல டிக் மட்டும். நேர்ல போனா கடைப்பையன், "அண்ணன் மண்டபத்துல இருக்காரு". நாலு நாள் முன்னாடி, மீதி 4,500-ஐ வாங்கிக்கிட்டு ஒரு பென்டிரைவ் கொடுத்தாங்க. "கொஞ்சம் இரைச்சல் இருந்துச்சு, கிளீன் பண்ணிட்டோம்"னு சொல்லி அனுப்பினாங்க.

வீட்டுல டிவியில போட்டா, ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் ஒரே நாதஸ்வர டிராக். தாலி கட்டுறப்பவும் அதுதான், பந்தியில சாம்பார் ஊத்துறப்பவும் அதுதான். நடுவுல அப்பா எட்டி ஏதோ சொல்றாரு, ஐயர் சிரிக்கிறாரு. பக்கத்துல உட்கார்ந்திருந்த அம்மா, "என்னடா, உங்கப்பா வாய் மட்டும் அசையுது?"ன்னாங்க. என்ன பதில் சொல்றது?

போன் பண்ணா, "ஒரிஜினல்லயே இல்லாததை நாங்க எங்கேர்ந்து சார் கொண்டு வர்றது?"ங்கிறாரு. அப்போ 7,500 எதுக்குய்யா வாங்கினே? "டைம் செலவாச்சுல்ல சார்." வெச்சுட்டாரு. நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம்னு பார்த்தா, கையில இருக்கிறது துண்டுச் சீட்டு. அதுல கடைப் பேர்கூட இல்ல.

நேத்து அக்கா மகன் வந்தான். இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். நல்லவேளை, கார்டைத் திரும்ப வாங்கி வெச்சிருந்தேன். அதைச் செருகி, உள்ள இருந்த எம்டிஎஸ் ஃபைலை, அதாவது கேமரா பதிஞ்ச வீடியோவை, விஎல்சிங்கிற இலவச பிளேயர்ல திறந்தான். மேளச் சத்தம் வீட்டையே தூக்குச்சு. அடுப்படியிலேர்ந்து அம்மா ஓடி வந்துட்டாங்க. ஒரு பைசா செலவில்ல, ஒரு நிமிஷம்கூட ஆகல.

விஷயம் இவ்வளவுதான். அந்தக் காலத்து ஹார்டு டிஸ்க், மெமரி கார்டு கேம்கார்டர் பலதும் ஏவிசிஎச்டிங்கிற முறையில பதியும். சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து 2006-ல கொண்டு வந்தது. அதுல சத்தம் பெரும்பாலும் டால்பியோட ஏசி3 வடிவத்துல இருக்கும். அதைப் படிக்கிற கோடெக், அதாவது அந்த வடிவத்தைப் பிரிச்சுக் கேட்க வைக்கிற குட்டி நிரல், இல்லாத மென்பொருள் படத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, சத்தத்தைக் கண்டுக்காம விட்டுடும். விஎல்சி தனக்கு வேண்டிய கோடெக்கைத் தானே வெச்சிருக்கு, அதனால அதுல கேட்குது. கடையில இருந்தது காசு கொடுக்காம இறக்கின மென்பொருளா இருக்கும், அதான் கோடெக் இல்லன்னு மருமகன் சொல்றான். இருக்கலாம். ஆனா வீடியோவே தொழில்னு உட்கார்ந்திருக்கிறவருக்கு விஎல்சில ஒருதடவை போட்டுப் பார்க்கத் தெரியாதா? தெரியலைன்னாலும் தப்பு, தெரிஞ்சே செஞ்சிருந்தா அது திருட்டு.

படிப்படியா எழுதுறேன்னு சொன்னேன், இப்போ முடியல. அவசரத்துக்கு இதை மட்டும் பிடிச்சுக்குங்க. யார்கிட்டயும் கொடுக்கிறதுக்கு முன்னாடி விஎல்சில போட்டுக் கேளுங்க. கேட்டுச்சுன்னா சத்தம் ஃபைல்ல பத்திரமா இருக்கு, ரெக்கவரின்னு ஒண்ணும் தேவையில்ல. விஎல்சில டூல்ஸுக்குள்ள கோடெக் இன்ஃபர்மேஷன்னு இருக்கும், அதுல ஏ52ன்னோ ஏசி3ன்னோ (ரெண்டும் ஒண்ணுதான்) போட்டிருந்தா இதே கதைதான். எஃப்எஃப்எம்பெக்னு வீடியோ, ஆடியோ வடிவத்தை மாத்துற மென்பொருள் இலவசமா கிடைக்குது, அதுல படத்தைத் தொடாம அப்படியே காப்பி பண்ணி, ஆடியோவை மட்டும் பிசிஎம்மா, அதாவது சுருக்காத சாதா ஆடியோவா, மாத்திக்கலாம். அது கஷ்டம்னா ஷாட்கட்ல எடிட் பண்ணுங்க, அதுவும் இலவசம், ஏசி3 நேராவே எடுத்துக்கும். கார்டுலேர்ந்து காப்பி பண்றப்ப எம்டிஎஸ் ஃபைலை மட்டும் பொறுக்காம ஃபோல்டரை முழுசா எடுங்க. நீளமான ஷாட்டைக் கேமரா துண்டு துண்டா உடைச்சு வெச்சிருக்கும், சரியா சேர்க்கலைன்னா ஒட்டுற இடத்துல சத்தம் அறுந்துரும். ஒரிஜினல் கார்டை எவர்கிட்டயும் விட்டுட்டு வராதீங்க. பில் வாங்குங்க, பில்!

மொத்தம் 23 ஃபைல். மருமகன் அஞ்சை மாத்திக் கொடுத்துட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பிட்டான். மீதி 18-ஐ வியாழனுக்குள்ள நான் முடிக்கணும். அம்மா இப்பவே மூணு தடவை கேட்டாச்சு, "அந்த அம்பாளுக்குக் கேட்கணும்கிறது வந்துருச்சாடா?"ன்னு.