அணுக்கரு பாஸ்தாவுக்கு லாம்ப்ஸ்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் வளர்ந்த லாம்ப்ஸ், துகள்களின் அசைவைக் கணினியில் படிப்படியாகக் கணிக்கும், அணுக்களையும் மூலக்கூறுகளையும் மனதில் வைத்து எழுதப்பட்ட இலவச மென்பொருள். நியூட்ரான் விண்மீனின் மேலோட்டு அடித்தளத்தில், கன செ.மீ.க்கு 10^14 கிராம் அளவிலான அடர்த்தியில், அணுக்கருக்கள் கம்பியாகவும் தகடாகவும் உருமாறும் ‘பாஸ்தா’வை அதில் ஓட்டலாமா? தாராளமாக ஓட்டலாம். ஒரு வரி சி++ கூட எழுத வேண்டாம். ஆனால் அது தானாக வைத்திருக்கும் அமைப்புகளை நம்பக்கூடாது.

நியூக்ளியான்களுக்கு (புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப்பெயர்) இடையே இயற்பியலாளர் ஹொரோவிட்ஸின் குழு 2004-இல் தந்த விசை மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஒன்றையொன்று தள்ளும் விலக்கு விசையின் வலிமை 110 எம்இவி (மெகா எலக்ட்ரான் வோல்ட், ஆற்றல் அலகு). ஈர்ப்பு நியூட்ரான்–புரோட்டான் ஜோடிக்கு 50, ஒரே வகை ஜோடிக்கு வெறும் 2. புரோட்டான்களுக்கு மட்டும் திரையிட்ட கூலும் விசை, அதாவது சுற்றியுள்ள மின்னூட்டங்களால் தூரத்தில் மங்கிப்போகும் மின்விசை. பல விசைகளை ஒன்றாகக் கூட்டும் ‘ஹைப்ரிட்/ஓவர்லே’ கட்டளையின் கீழ் ‘காஸ்’ இருமுறை (அடுக்குக்குறிக் கெழு 0.8, 0.4), ‘கூல்/டெபை’ ஒருமுறை போட்டால் முடிந்தது. ‘காஸ்’ வாய்பாட்டின் முன்னால் கழித்தல் குறி உண்டு. ஆகவே விலக்கை −110 என்று கொடுக்க வேண்டும். மறந்தால் எல்லாத் துகளும் ஒரே உருண்டையாகச் சுருங்கிவிடும். ‘காஸ்’ இருப்பது எக்ஸ்ட்ரா-பேர் பொதியில், லாம்ப்ஸைத் தொகுக்கும்போதே அதைச் சேர்த்துவிடுங்கள்.

அலகுக்கு, எண்களுக்கு நாமே பொருள் தரும் ‘எல்ஜே’ முறை போதும்: நீளம் ஃபெர்மி (10^-15 மீட்டர்), ஆற்றல் எம்இவி, நியூக்ளியானின் நிறை 939. வெப்பநிலையும் நேரடியாக எம்இவியில் வரும். புரோட்டானின் மின்னூட்டம் 1 அல்ல, 1.2 (இந்த அலகில் மின்னூட்டத்தின் வர்க்கம் 1.44, அதன் வர்க்கமூலம்). இந்த அலகில் ஆற்றல் துகள் ஒன்றுக்கு என வகுத்தே அச்சாகிறது. தெரியாமல் இன்னொரு முறை வகுத்துவிடாதீர்கள்.

காலப்படி தானாக 0.005, இதற்கு 2 ஃபெர்மி/சி தேவை (ஒளி 2 ஃபெர்மி கடக்கும் நேரம்). ஒவ்வொரு துகளுக்கும் அருகிலுள்ளவற்றைக் குறித்துவைக்கும் அண்டைப் பட்டியலில், கூடுதலாக விடும் இடைவெளியான ‘ஸ்கின்’ 0.3 ஃபெர்மி என்பதுதான் பெரிய வில்லங்கம். 1 எம்இவியில் ஒரு நியூக்ளியான் ஒரு படியில் சராசரியாக 0.11 ஃபெர்மி நகரும், வேகமானவை அதற்கும் மேலே. பட்டியலை ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் புதுப்பிக்க வேண்டிவரும். 2 அல்லது 3 ஃபெர்மி வையுங்கள். ஓட்டம் முடிந்ததும் ‘டேஞ்சரஸ் பில்ட்ஸ்’ (பட்டியல் தாமதமாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கக்கூடிய தடவைகள்) பூஜ்யமா என்று பாருங்கள்.

உண்மையான வலி கூலும் விசையில். திரையிடல் நீளம் வழக்கப்படி 10 ஃபெர்மி, அதற்கப்பால் விசையைக் கணக்கிடாத வெட்டுத்தூரம் 50. கன ஃபெர்மிக்கு 0.05 நியூக்ளியான், அதில் 40% புரோட்டான் என்றால், ஒரு புரோட்டானைச் சுற்றி அந்தத் தூரத்துக்குள் சுமார் 10,000 புரோட்டான்கள். அண்டைப் பட்டியலில் ஒரு துகளுக்கு இடமளிக்கும் ‘ஒன்’ என்பதன் தானியங்கி வரம்பு 2,000. நிரம்பியதும் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். ‘ஒன்’னை 20,000 ஆக்கி, பட்டியலுக்கான நினைவகத் துண்டின் அளவான ‘பேஜ்’ஜை அதன் பத்து மடங்காவது வையுங்கள், குறைந்தால் ஏற்காது.

51,200 நியூக்ளியானுக்குப் பெட்டியின் பக்கம் 100.8 ஃபெர்மி. அதை 64 செயலிகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக 800 துகள், அண்டையிலிருந்து நகலெடுத்தவை ஏறக்குறைய ஒரு லட்சம்! இங்கே செயலியைக் கூட்டுவது வீண். ஒரு ஜிபியூவோ, குறைந்த செயலியில் பல இழைகளோ நல்லது. இந்த வேலைக்கென்றே எழுதப்பட்ட இந்தியானா பல்கலைக்கழக நிரலில்தான் கேப்லன், ஷ்னைடர், ஹொரோவிட்ஸ் மூவரும் 2018-இல் 32,76,800 நியூக்ளியான்களை வைத்து பாஸ்தாவின் மீள்தன்மையை அளந்தார்கள். அந்த அளவுக்கு லாம்ப்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெட்டியை நீட்டி, சறுக்கிப் பார்க்கும் ‘டிஃபார்ம்’ கட்டளையும், வெளியீட்டை ஒவிட்டோ என்ற காட்சிப்படுத்தும் மென்பொருள் அப்படியே படிப்பதும் மற்ற நிரல்களில் எளிதில் கிடைக்காத வசதி. வேகமாகக் குளிர்வித்தால் தகடுகளுக்கு இடையே சுருள் பாலங்கள் சிக்கி நிற்கும், பெட்டி சிறிதானால் பெட்டியே வடிவத்தைத் தீர்மானிக்கும். இவை மென்பொருளின் குற்றமல்ல.

விசை மாதிரி முழுக்கச் செவ்வியல், குவாண்டம் விதிகள் இல்லை; ஒரே வகைத் துகள் இரண்டு ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற பவுலி விலக்கு கிடையாது. 1 எம்இவிக்கு வெகுகீழே இறக்கினால் நியூக்ளியான்கள் படிகமாக உறையும். அந்தப் படிகத்தை மேலோட்டின் இயற்பியல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே ஸ்கை3டி போன்ற, குவாண்டம் முறையில் கணக்கிடும் ஹார்ட்ரீ–ஃபாக் நிரல்தான் வழி, சில ஆயிரம் நியூக்ளியானோடு திருப்திப்பட்டுக்கொண்டு.