உப்புக்காற்றில் பி.எம். 2.5 மீட்டர்: குழந்தை இருக்கும் வீட்டுக்கு வாங்கலாமா?

ஆன்லைனில் 2,000 முதல் 5,000 ரூபாய்க்குள் கிடைக்கும் கையடக்கக் காற்றுத்தர மீட்டர்களைப் பற்றியது இந்த விமர்சனம். பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எந்தக் கம்பெனியின் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே ரக லேசர் சென்சார்தான்: பிளான்டவர் பி.எம்.எஸ். 5003, இல்லாவிட்டால் அதைப் பார்த்துச் செய்த ஒன்று. எனவே பிராண்டை விட்டுவிடுவோம். ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், பாம்பன், கீழக்கரை, சாயல்குடி போன்ற ஊர்களில், விறகடுப்பும் கொசுவத்தியும் உப்புக்காற்றும் சேர்ந்த வீட்டில் அந்தச் சென்சார் என்ன செய்கிறது என்பதுதான் விஷயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே வீட்டில் அடுப்படியையும் தூளி கட்டிய இடத்தையும், ஜன்னல் மூடிய ராத்திரியையும் திறந்த ராத்திரியையும் ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல கருவி. "எங்க வீட்டுக் காற்று 48" என்று ஒற்றை எண்ணைச் சொல்லிப் பயப்படவோ நிம்மதியாகவோ உதவாது. எண்களைப் பதிந்து வைக்கும் வசதி இல்லாத மாடலை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

சென்சார் தீப்பெட்டி அளவுதான், 50 மி.மீ. நீளம், 38 அகலம், 21 உயரம். குட்டி விசிறி ஒன்று காற்றை உள்ளே இழுக்கிறது. லேசர் கீற்றைக் கடக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. அந்தச் சிதறலை அளந்து, அதிலிருந்து ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் தூசி என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. துகளை எடை போடுவதே இல்லை. அதோடு, ஒரு மைக்ரானுக்குக் கீழே உள்ள நுண்துகள்தான் இதன் கண்ணுக்கு நன்றாகப் படும். பெரிய துகள்களின் கணக்கு பெரும்பாலும் ஊகம். பி.எம். 10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்) என்று திரையில் வரும் எண்ணை அடியோடு மறந்துவிடுங்கள். விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்தைப் பிரித்து, கரியைச் சலித்து மூட்டை கட்டும் இடத்தில் மூக்கு முழுக்கக் கறுப்பாகும்; மீட்டரோ அந்தத் தூசியில் பெரும்பகுதியைக் காணாமல் அமைதியாக நிற்கும். உப்பளத்திலிருந்து கிளம்பும் புழுதிக்கும் இதே கதிதான். புகை என்று வந்தால் மட்டும் உடனே எழுந்து உட்காரும், அந்தத் துகள்கள் அவ்வளவு நுண்ணியவை.

இனி ஈரப்பதம். நம் கரையோரத்தில் இந்தக் கருவியை அதிகம் ஏமாற்றுவது இதுதான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு துகள் தண்ணீரை இழுத்துக் கரைசல் துளியாகிவிடும். கடல் உப்பில் மெக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே ஊறத் தொடங்கும். ஊதிப்போன துளி அதிக ஒளியைச் சிதறடிக்கும்; மீட்டர் அதையும் தூசிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். விடிகாலையில் வாசலில் வைத்தால் 60 காட்டி, மத்தியானம் 25 காட்டினால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, ஈரம் வடிந்திருக்கிறது. எனவே ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடும்போது ஒரே நேரத்தில் எடுத்த அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஈரப்பத எண்ணையும் எழுதுங்கள். வாடைக்காற்று மாதங்களில் எடுத்ததைக் கச்சான் (மேற்குக் காற்று) மாதங்களில் எடுத்ததோடு நேருக்கு நேர் வைக்கவே கூடாது.

இதைத் திருத்த வழி உண்டா? ஓரளவு. இதே சென்சார் இரண்டை வைத்துச் செய்யும் பர்ப்பிள்ஏர் கருவிக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு சூத்திரத்தைப் பயன்படுத்துகிறது. மீட்டர் எண்ணை 0.524-ஆல் பெருக்கு, ஈரப்பத சதவீதத்தை 0.0862-ஆல் பெருக்கிக் கழி; 5.75 கூட்டு. மீட்டர் 100, ஈரப்பதம் 80 என்றால் விடை ஏறத்தாழ 51, அதாவது பாதிதான். அந்தச் சூத்திரம் அமெரிக்காவின் வெளிக்காற்றுக்குப் போட்டது. சீமைக்கருவேல விறகு எரியும் அடுப்படிக்கு அதை அப்படியே வைத்துக் கணக்குப் போட முடியாது. திருத்தாத எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு மட்டும் அது அளவுகோல்.

அடுப்படியில் சிக்கல் எதிர்த்திசையில் வரும். சென்சார் தயாரிப்பாளர் தரும் உத்தரவாத எல்லை 500 மைக்ரோகிராம் வரை. பல மீட்டர்களின் திரை 999-இல் நின்றுவிடும். ஈர விறகை ஊதிப் பற்றவைக்கும் முதல் பத்து நிமிடத்தில் அதைச் சுலபமாகத் தாண்டிவிடலாம். உச்சம் வெட்டுப்படுவதால் நாள் சராசரியும் குறைந்து வரும். குழந்தையைக் குளிப்பாட்டித் தூபக்கால் மேல் தலையைக் காட்டிச் சாம்பிராணிப் புகை போடும்போது மீட்டரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மூச்சில் 999. தலை உலர்ந்த பிறகும், கதவைச் சாத்திய அறையில் எண் இறங்க நெடுநேரம் பிடிக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் பேச்சில் புரியவைக்க முடியாததை இந்தத் திரை காட்டிவிடும். மீட்டருக்குக் கொடுத்த காசில் பாதி அதற்கே சரி.

குழந்தைகளின் உடலுக்கும் காற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்கள் நொடிக்கு நொடி மாறும் எண்ணை வைத்து முடிவு கட்டவில்லை. தெற்குக் கலிஃபோர்னியாவில் 1990-களில் தொடங்கிய ஆய்வில் 12 ஊர்களின் காற்றை ஆண்டுக்கணக்கில் அளந்து, பிள்ளைகளை 10 வயதிலிருந்து 18 வயது வரை வருடந்தோறும் ஊதவைத்து நுரையீரல் திறனைப் பார்த்தார்கள். 2004-இல் வந்த முடிவின்படி, பி.எம். 2.5 மிகக் குறைவான ஊரில் 18 வயதில் நுரையீரல் திறன் தாழ்ந்திருந்தவர்கள் 1.6 சதவீதம், மிக அதிகமான ஊரில் 7.9 சதவீதம். நம்மூரில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்தது. கர்ப்ப காலத்தில் பி.எம். 2.5 சராசரி 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை சுமார் 4 கிராம் குறைவதாக 2018-இல் எழுதினார்கள். அதே நிறுவனம் விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும் நடத்திய சமையல் எரிவாயு ஆய்வு, நாலு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை உள்ளடக்கிய பெரிய ஆய்வின் ஒரு பகுதி. எரிவாயு கிடைத்தவர்கள் சுவாசித்த பி.எம். 2.5 அளவு 70.7-க்குப் பதில் 23.9 என இறங்கியது. பிறப்பு எடையில் மட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. மீட்டரில் எண் இறங்கியதுமே பிள்ளைக்கு இத்தனை கிராம் எடை கூடும் என்று யாராவது விற்க வந்தால் இந்த முடிவைச் சொல்லுங்கள். அந்த ஆய்வில் பெண்கள் உடலில் மாட்டிக்கொண்ட கருவி காற்றை நிமிடத்துக்கு 0.3 லிட்டர் வீதம் வடிதாள் வழியே இழுத்தது. வடிதாளை முன்னும் பின்னும் எடை போட்டு லேசர் எண்ணைச் சரிசெய்தார்கள். உங்கள் மீட்டரில் அந்த எடைபோடும் பாதி இல்லை.

ஆகவே நாள் சராசரியைப் பாருங்கள். ஒரு மாதிரிக் கணக்கு: மூன்று மணி நேரம் அடுப்பு, 400, மீதி 21 மணி நேரம் 30. சராசரி 76. அதே வீட்டில் ராத்திரி எட்டு மணி நேரம் கொசுவத்தி எரிந்து அறை 150-இல் நின்றால் சராசரி 116. எண்ணில் அடுப்பைவிடச் சின்னதாகத் தெரியும் கொசுவத்தி, நேரத்தால் பெருக்கும்போது அடுப்புக்குச் சமமாகிவிடுகிறது. ஒரு கொசுவத்தி வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. அடுப்பை மாற்றக் காசு இல்லாத வீட்டில் கொசுவலைதான் முதல் செலவு.

வைக்கும் இடம் பற்றி. ஆய்வாளர்கள் சமையலறையில் அடுப்பின் விளிம்பிலிருந்து 100 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில், கதவு ஜன்னலிலிருந்து 150 செ.மீ. விலக்கி வைப்பார்கள். அது நின்று சமைப்பவரின் மூக்கு உயரம். குழந்தைக்குப் பார்ப்பதென்றால் தூளித் தொங்கலின் உயரத்தில் வையுங்கள், தவழும் பிள்ளை என்றால் தரையிலிருந்து ஒரு முழம். விசிறிக் காற்று நேராக மீட்டரின் மேல் படக் கூடாது. பேட்டரி ஒரு நாள் முழுக்கத் தாங்காது. சார்ஜரில் போட்டே ஓடவிடுங்கள். மின்சாரம் போனால் பதிவு அறுந்திருக்கும், அந்த நேரத்தைக் கணக்கில் விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும். ஒரு வாரமாவது ஓடவிட்டு, பக்கத்தில் ஒரு நோட்டில் அடுப்பு, வத்தி, சாம்பிராணி, குப்பை எரித்தது ஆகியவற்றின் நேரத்தைக் குறியுங்கள். நோட்டு இல்லாமல் வரைபடம் வெறும் மேடுபள்ளம். ராத்திரி கரைக்காற்று திரும்பும்போது உள்ளூர்க் கரிமூட்டங்களின் புகை கடற்கரைக் குடியிருப்புப் பக்கம் வரலாம். உங்கள் வீட்டில் எதுவும் எரியாத நடுநிசியில் எண் ஏறினால் வாசலிலும் ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

ஆபத்தான குறை ஒன்று. இந்த மீட்டர் கார்பன் மோனாக்சைடைக் காணாது. மூடிய அறையில் கரித்தணல் போட்டால் புகை அடங்கி எண் பச்சைக்கு வந்துவிடும், அந்த வாயு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். பிரசவ வீட்டில் கணப்பு வைக்கும் வழக்கம் இருந்தால் தனி கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். இதை நம்பித் தூங்கக் கூடாது.

மற்ற எண்கள் பெரும்பாலும் அலங்காரம். ஃபார்மால்டிஹைடு, கார்பன் டை ஆக்சைடு என்று காட்டும் மலிவு மாடல்கள் பலவற்றில் ஒரே ஒரு வாயு சென்சாரின் அளவிலிருந்து இரண்டையும் கணக்கிட்டுப் போடுகிறார்கள். சானிடைசர் பாட்டிலை அருகில் திறந்து பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு எகிறினால் அது போலி. பச்சை, மஞ்சள் நிறங்களையும் நம்பாதீர்கள். பல மீட்டர்களில் 35 வரை பச்சைதான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 24 மணி நேரச் சராசரிக்கு வைத்த எல்லை 15, இந்தியாவின் எல்லை 60. செல்போன் செயலியில் வரும் காற்றுத்தரக் குறியீடு இன்னொரு அளவு, மைக்ரோகிராமோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நீடித்து உழைக்கும் விஷயத்தில் நம் கரை கருவிக்குக் கொடூரமானது. விசிறித் தண்டு, உலோகக் கவசம், சார்ஜ் முனை மூன்றிலும் உப்பு பூக்கும். விசிறி கிறீச்சிட்டால் காற்று உள்ளே போவது குறைந்துவிட்டது, எண்ணை இனி நம்ப முடியாது. பயன்படுத்தாத நேரத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போடுங்கள். உறிஞ்சும் துளையில் எறும்பும் சிலந்தியும் நுழையும். காரணமில்லாமல் எண் ஏறியே நின்றால் முதலில் அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். ஊதுபந்தால் மெதுவாக ஊதலாம். ஈரத்துணி, ஸ்பிரிட் இரண்டும் உள்ளே போகக் கூடாது.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் தேதி முடிவதற்குள், இரண்டு சோதனை செய்துவிடுங்கள். ஓடும் மீட்டரை ஜிப் கவரில் போட்டு மூடினால் எண் சிறிது சிறிதாக இறங்க வேண்டும். இறங்காமல் அசையாது நின்றால் திருப்பி அனுப்புங்கள். அடுத்தது, அக்கம்பக்கத்தில் இன்னொன்று இருந்தால் இரண்டையும் ஒரு நாள் பக்கம் பக்கமாக ஓடவிடுங்கள். எண்கள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்க வேண்டும். வீட்டுக்கு ஒன்று வாங்குவதைவிட மகளிர் குழுவுக்கு ஒன்று வாங்கி, வாரத்துக்கு ஒரு வீடு என்று சுற்றவிடுவது மேல். பில் மட்டும் ஒருவர் பெயரில் பத்திரமாக இருக்கட்டும். வாரண்டியில் உப்பு அரிப்பு சேருமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.