ஹோம் அசிஸ்டன்ட், ஓப்பன்ஹேப், டொமோட்டிக்ஸ்: கரண்ட் போய் வந்த பிறகு எது ஒழுங்காக எழுந்து நிற்கும்?

வீட்டு விளக்கு, மோட்டார், சென்சார்களைக் கணினி வழியாக இயக்கும் இந்த மூன்று மென்பொருட்களையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் திரை எவ்வளவு அழகு, எத்தனை கம்பெனிப் பொருட்களோடு பேசும் என்றுதான் பார்க்கிறார்கள். எனக்கு முக்கியம் அது இல்லை. எங்கள் வீட்டில் டெபியன் லினக்ஸ் ஓடும் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது, குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான். அதே லேப்டாப்பில் சம்ப் மோட்டார், மேல்தொட்டியின் நீர் மட்டம், மாடிப்படி விளக்கு இவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் வேண்டும். கோடையில் கரண்ட் அடிக்கடி போகும். நான் வெளியூரில் இருந்தால் வீட்டில் அம்மா மட்டும்தான். நிறுவுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, ஓட்டுவது பல வருட வேலை, அதனால் ஓட்டுவதை வைத்தே எடை போட்டேன்.

ஒரே லேப்டாப்பில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. கருவிகளை மென்பொருளோடு நேரடியாகக் கட்டாமல், நடுவில் மஸ்கிட்டோ என்ற எம்க்யூடிடி (கருவிகள் சின்னச் சின்னச் செய்தி அனுப்பிக்கொள்ளும் முறை) சர்வரையும், ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் வயர்லெஸ் முறை) கருவிகளின் செய்தியை எம்க்யூடிடிக்கு மாற்றித் தரும் ஜிக்பீ2எம்க்யூடிடியையும் தனியாக ஓட விடுங்கள். மூன்று மென்பொருளுமே எம்க்யூடிடி பேசும் என்பதால் ஒரே சென்சார் சொல்வதை மூன்றும் ஒரே நேரத்தில் கேட்கும். பிறகு ஒன்றைத் தூக்கிவிட்டு இன்னொன்றுக்கு மாறினாலும் ஒவ்வொரு சுவிட்சையும் மறுபடி இணைக்கும் வேலை இல்லை. ஹோம் அசிஸ்டன்டுக்குள்ளேயே ஜிக்பீ வசதி இருக்கிறது, ஓப்பன்ஹேப்பிலும் உண்டு, ஆனாலும் தனியாக வைப்பதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: ஓப்பன்ஹேப்பும் டொமோட்டிக்ஸும் இயல்பாக 8080 போர்ட்டைத்தான் (கணினியின் நெட்வொர்க் வாசல் எண்) எடுத்துக்கொள்ளும், இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஒன்றை மாற்றிவிடுங்கள். ஹோம் அசிஸ்டன்ட் 8123-இல் இருக்கும்.

நிறுவலில் அதிகம் குழம்ப வைப்பது ஹோம் அசிஸ்டன்ட்தான். காரணம், இணையத்தில் கிடக்கும் பழைய வழிகாட்டிகள். டெபியன் மேலேயே ஆட்-ஆன் (கூடவே ஓடும் துணை மென்பொருட்கள்) உட்பட எல்லாம் தரும் சூப்பர்வைஸ்டு முறை, பைத்தான் சூழலில் நேரடியாகப் போடும் கோர் முறை இரண்டுக்கும் 2025-ஆம் ஆண்டோடு அதிகாரபூர்வ ஆதரவு முடிந்துவிட்டது, 32 பிட் கணினிகளுக்கும் அப்படியே. இப்போது மீதி இருப்பது இரண்டு வழி. ஒன்று, அவர்களுடைய சொந்த இயங்குதளம்: அது முழுக் கணினியையும் எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் கேவிஎம் மாதிரி மெய்நிகர் கணினிக்குள் போட வேண்டும். இன்னொன்று டாக்கர் கண்டெய்னர், அதாவது மற்ற மென்பொருட்களோடு கலக்காமல் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் முறை. ஏற்கெனவே வேறு வேலை பார்க்கும் லினக்ஸ் கணினி என்றால் டாக்கர்தான் சரி. ஆட்-ஆன் கடை அதில் வராது, ஆனால் மஸ்கிட்டோவையும் ஜிக்பீ2எம்க்யூடிடியையும் பக்கத்துக் கண்டெய்னராக ஓட்டத் தெரிந்தவருக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. டாக்கர் டெஸ்க்டாப் போடாதீர்கள், டாக்கர் எஞ்சின்தான் வேண்டும். நெட்வொர்க்கை ஹோஸ்ட் முறையில் (கண்டெய்னர் லேப்டாப்பின் நெட்வொர்க்கையே நேரடியாகப் பயன்படுத்தும் முறை) வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளை அது தானாகக் கண்டுபிடிக்காது, நாம் காரணம் தெரியாமல் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

ஓப்பன்ஹேப் லினக்ஸ்காரர்களின் மனதுக்குப் பிடிக்கும் விதத்தில் வரும். அவர்களுடைய ஆப்ட் களஞ்சியத்தை (டெபியன் மென்பொருட்களை இறக்கும் இடம்) சேர்த்து நிறுவினால், கணினி எழும்போது தானாகத் தொடங்கும் சிஸ்டம்டி சேவையாக உட்கார்ந்துவிடும், அமைப்புக் கோப்புகள் எல்லாம் வழக்கமான இடத்தில் இருக்கும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் போட்டு வைக்கலாம். சிக்கல் ஜாவாவில். 2025-இல் வந்த ஓப்பன்ஹேப் 5-க்கு ஜாவா 21 தேவை, டெபியன் 12-இன் களஞ்சியத்தில் இருப்பதோ 17. வெளியிலிருந்து ஜாவா கொண்டுவர வேண்டும், அல்லது டெபியன் 13-க்குப் போக வேண்டும். முதல் தடவை எழுந்திருக்கச் சில நிமிடம் எடுக்கும், அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்.

டொமோட்டிக்ஸ் சி++ இல் எழுதியது, ஒரே ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினால் முடிந்தது. மூன்றிலும் மெமரி குறைவாகத் தின்பதும் அதுதான். ஒரு ஜிபி ராம் உள்ள பழைய ராஸ்பெர்ரி பையில் மற்ற இரண்டும் மூச்சுத் திணறும்போது இது நிம்மதியாக ஓடும்.

சரி, கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் அது விழாது என்று நினைப்போம். ஆனால் ரவுட்டர் விழும், ஃபைபர் பெட்டி விழும், கரண்டில் ஓடும் ஜிக்பீ சுவிட்சுகள் விழும். அந்த சுவிட்சுகள்தான் பேட்டரி சென்சார்களுக்குச் செய்தி கடத்தும் பாலம் என்பதால் தொட்டி சென்சாரும் கொஞ்ச நேரம் காணாமல் போகும். அந்த நேரத்தில் திரையில் தெரிவது பழைய நிலை. மேல்தொட்டி காலி என்று பழைய செய்தியை வைத்துக்கொண்டு மோட்டாரைப் போட்டுவிடும் அபாயம் மூன்று மென்பொருளிலும் உண்டு.

இன்னொன்று, லேப்டாப்பே ஒருவேளை மறுதொடக்கம் ஆனால்? ஹோம் அசிஸ்டன்டில் 'மோட்டாரைப் போடு, 20 நிமிடம் காத்திரு, நிறுத்து' என்று எழுதியிருந்தால், அந்தக் காத்திருப்பின் நடுவில் மறுதொடக்கம் நடந்தால் மீதி விதி மறைந்துபோகும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குத் தனியாக டைமர் உதவிக் கருவி இருக்கிறது, அதில் மீட்டெடுக்கும் தேர்வை இயக்கி, டைமர் முடிந்ததும் நிறுத்து என்று இன்னொரு விதி எழுத வேண்டும். ஓப்பன்ஹேப்பில் விதிக்குள் உருவாக்கும் டைமரும் மறுதொடக்கத்தில் போய்விடும், ஆனால் நிலைகளைச் சேமித்து வைக்கும் மேப்டிபி சேர்த்து அமைத்தால் ஒவ்வொரு பொருளின் கடைசி நிலையும் திரும்பி வரும். அதை வைத்து, எழுந்தவுடன் முதலில் மோட்டார் நிலையைச் சரிபார் என்று விதி எழுதுவது எனக்கு ஓப்பன்ஹேப்பில் தெளிவாக வந்தது.

ஆனாலும் நான் எந்த மென்பொருளையும் நம்பி மோட்டாரை விடமாட்டேன். காவல் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். டாஸ்மோட்டா (வைஃபை சுவிட்சுகளுக்குள் ஓடும் மென்பொருள்) போட்ட ரிலேயில் பவர்ஆன்ஸ்டேட் 0 என்று வைத்தால் கரண்ட் வந்ததும் அணைந்த நிலையிலேயே இருக்கும். பல்ஸ்டைம் 1300 என்று வைத்தால் 1200 வினாடி, அதாவது 20 நிமிடத்தில் ரிலே தானாக விடும், கணினி செத்துக் கிடந்தாலும். (11 வினாடிக்கு மேற்பட்ட நேரத்துக்கு நமக்கு வேண்டிய வினாடியோடு 100 கூட்டிக் கொடுக்க வேண்டும், அதுதான் அங்கே கணக்கு.) அப்புறம், ஒரு குதிரைத்திறன் மோட்டாரைக் கூட சின்ன வைஃபை சுவிட்சில் நேரடியாக மாட்டாதீர்கள். கிளம்பும்போது அது இழுக்கும் மின்னோட்டம் பல மடங்கு, எங்கள் வீட்டில் ஒரு ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டு விடாமலே நின்றது. ரிலே கான்டாக்டரை (அதிக மின்னோட்டம் தாங்கும் பெரிய சுவிட்ச்) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.

அப்டேட்டில் மூன்றுக்கும் குணமே வேறு. ஹோம் அசிஸ்டன்ட் மாதம் ஒரு முறை வெளியிடும், சில மாதங்களில் பழைய அமைப்பை உடைக்கும் மாற்றங்களும் வரும். கண்டெய்னரில் எப்போதும் புதியதை இழுக்கும் குறியை வைக்காமல் குறிப்பிட்ட பதிப்பு எண்ணை எழுதி வையுங்கள், மாதத்தின் முதல் திருத்தங்கள் வந்த பிறகு ஏற்றுங்கள். ஓப்பன்ஹேப் வருடத்துக்கு இரண்டு பெரிய வெளியீடுதான், கோடை ஒன்று, டிசம்பர் ஒன்று. வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு வீட்டுக் கணினியைப் பராமரிக்கிறவருக்கு இந்த நிதானம் பெரிய வரம். டொமோட்டிக்ஸில் வெளியீடு குறைவு, கவலையும் குறைவு, ஆனால் புதிய கருவிகளுக்கான ஆதரவும் அதே அளவில்தான் வரும்.

வெளியிலிருந்து பார்ப்பதற்கு ஓப்பன்ஹேப் தன் கிளவுட் இணைப்பை இலவசமாகத் தருகிறது, ஹோம் அசிஸ்டன்டின் கிளவுட் சந்தாவோடு வரும். பல ஃபைபர் இணைப்புகளில் நமக்கென்று தனி ஐபி முகவரி கிடைப்பதில்லை, அதனால் போர்ட் திறந்து பயனில்லை. நான் என் கருவிகளைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் வைத்துக்கொண்டேன், மூன்றுக்கும் பொது.

கடைசியில் எதை வைத்தேன்? ஹோம் அசிஸ்டன்டை. விதி எழுதுவதில் ஓப்பன்ஹேப் எனக்குப் பிடித்திருந்தும், முடிவு செய்தது அம்மா. மூன்றிலுமே பொத்தான்களுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம் என்றாலும், ஹோம் அசிஸ்டன்டின் போன் செயலியில்தான் 'மேல்தொட்டி மோட்டார்', 'மாடிப்படி லைட்' என்று இரண்டே பெரிய பொத்தான் உள்ள ஒரு பக்கத்தை அரை மணி நேரத்தில் செய்து கொடுக்க முடிந்தது. ஓப்பன்ஹேப்பில் அதே பக்கத்துக்கு எனக்கு இரண்டு சாயங்காலம் போனது. நீங்கள் தனியாளாக, கோப்புகளில் எழுதிப் பழகியவராக, மாதா மாதம் அப்டேட் பார்க்க நேரமில்லாதவராக இருந்தால் ஓப்பன்ஹேப்பையே எடுங்கள். கையில் இருப்பது பழைய பை, நாலு விளக்கு ஒரு சென்சார்தான் தேவை என்றால் டொமோட்டிக்ஸ் போதும்.

எதைப் போட்டாலும் நிறுவிய அன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். லேப்டாப் மூடியை மூடினால் தூங்காதபடி லாகின்டி (மூடி, பவர் பொத்தான் இவற்றைக் கவனிக்கும் லினக்ஸ் சேவை) அமைப்பில் மாற்றுங்கள், லேப்டாப் இல்லாமல் மினி கணினி என்றால் கரண்ட் வந்ததும் தானாக எழும் தேர்வை பயாஸில் இயக்குங்கள். ஜிக்பீ கருவிகளோடு பேசும் யுஎஸ்பி டாங்கிளை யுஎஸ்பி 3 துளைக்கு ஒட்டிச் செருகாமல் ஒரு நீட்டிப்பு ஒயரில் தள்ளி வையுங்கள், அந்தத் துளையின் இரைச்சல் ஜிக்பீ ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும். அப்புறம் மெயின் சுவிட்சை இறக்கி, பத்து நிமிடம் விட்டு, ஏற்றுங்கள். மோட்டார் அணைந்தே இருக்கிறதா, தொட்டி சென்சார் எத்தனை நிமிடத்தில் திரும்புகிறது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள்.