மைன்கிராப்ட்: இருட்டில் உயிர் வளர்க்க மூன்று எண்கள்

கனசதுரக் கட்டைகளால் உலகம் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராப்ட்டில் இருட்டு என்பது கண்ணுக்குத் தெரியும் கறுப்பு அல்ல, ஓர் எண். ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 15 வரை வெளிச்ச அளவு உண்டு. ஒளிரும் கணவாய்க்கு 0 வேண்டும், வௌவாலுக்கு 3 வரை போதும், சதுப்பு நிலத்தில் வரும் ஸ்லைம் என்ற பசைக்கட்டி உயிருக்கு 7 வரை பரவாயில்லை. இந்த மூன்றையும் ஒரே மாதிரி இருட்டாக நினைத்து, அவற்றை வளர்க்கக் குகை தோண்டுகிறவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது தாக்கவரும் நடைபிணங்களான சோம்பிக் கூட்டம்தான்.

2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பு இந்த வேலையையே மாற்றிவிட்டது. முன்பு சோம்பியும் எலும்புக்கூடும் 7 வரை எங்கும் முளைக்கும், அதாவது தானாகத் தோன்றும். இப்போது மெழுகுதிரி போன்ற ஒளிரும் கட்டைகளிலிருந்து வரும் வெளிச்சம் 0 ஆக இருந்தால்தான் முளைக்கும். அதனால் 1 முதல் 3 வரை ஓர் இடைவெளி கிடைத்திருக்கிறது: வௌவால் வரும், சோம்பி வராது. இருட்டு வாழிடம் கட்ட இந்த விளையாட்டை வாங்கலாமா என்று கேட்டால், கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆம். அங்கே எஃப் 3 விசையை அழுத்தினால் நிற்கும் கட்டத்தின் வெளிச்ச எண் திரையில் வரும். மொழிப்பட்டியலில் தமிழும் இருக்கிறது. கைபேசியில் ஓடும் பெட்ராக் பதிப்பில் அந்த எண்ணைப் பார்க்க வழியில்லை. கட்டம் எண்ணித்தான் கட்டவேண்டும். கீழே உள்ள அளவுகள் ஜாவாவுக்கானவை.

முதலில் வௌவால் மண்டபம். கடல் மட்டமான உயரம் 63க்குக் கீழே, தரையைச் செதுக்காத கல்லாகவே விட்டுவிடுங்கள். பலகையோ கம்பளமோ போட்டால் வௌவால் வராது. வெளிச்சத்துக்கு ஒற்றை மெழுகுதிரி. ஒரு நூலும் ஒரு தேனடையும் சேர்த்தால் ஒன்று கிடைக்கும். ஏற்றிய ஒற்றைத் திரியின் அளவு 3, பக்கத்துக் கட்டத்தில் 2, அதற்கடுத்ததில் 1. ஆக ஒரு திரி 13 கட்டங்களைக் காக்கும். அடுத்த திரியை நேராக 3 கட்டம் போய், பக்கவாட்டில் 2 கட்டம் தள்ளி வையுங்கள்; குதிரை பாய்ச்சலைவிட ஒரு கட்டம் நீளம், அவ்வளவுதான். இந்தக் கணக்கில் ஒரு கட்டம்கூட வீணாகாமல் தரை நிரம்பும். 9க்கு 9 மண்டபத்துக்கு ஏழுக்குக் குறையாமல் வேண்டும். சுவரோரங்களுக்கு இரண்டு மூன்று கூடப் போகும். ஒரே கட்டத்தில் இரண்டு திரி வைத்தால் அளவு 6 ஆகிவிடும், வௌவால் நின்றுவிடும். 3க்குள்ளும் வேறுபாடு உண்டு: 1 இல் சுறுசுறுப்பாக வரும், 3 இல் மந்தம்.

மின்மினிப் புதர் அழகுக்கு நல்லது. அதன் அளவு 2 என்பதால் வௌவாலுக்கு இடைஞ்சல் இல்லை. மண் கேட்கும் செடி என்பதால் மூலையில் ஒரு பாத்தி விடவேண்டும்.

கணவாய்த் தொட்டிதான் கஷ்டமானது, ஆனால் அதற்குத்தான் இந்த விளையாட்டை மெச்சவேண்டும். உயரம் 30க்குக் கீழே தோண்டுங்கள்; அதுவும் கடலுக்கோ ஆற்றுக்கோ அடியில் வேண்டாம், மூழ்கிய சோம்பிகள் தொட்டிக்குள்ளேயே முளைக்கும். பார்வைக்கூடத்தில் லாம்பு எரியும், தொட்டியில் 0 இருக்கவேண்டும். சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தைக் கசியவிடும். இதற்கென்றே டிண்டட் கிளாஸ் இருக்கிறது: பார்வை போகும், வெளிச்சம் போகாது. ஒரு கண்ணாடியைச் சுற்றி அமெதிஸ்ட் என்ற ஊதாப் படிகத்தின் நான்கு துண்டு வைத்தால் இரண்டு கிடைக்கும். 7க்கு 3 சன்னலுக்கு 21 வேண்டும், அதாவது 11 கண்ணாடியும் 44 துண்டும். முழுதாக வளர்ந்த அமெதிஸ்ட் கொத்தைக் கோடாலியால் அல்ல, கல் உடைக்கும் பிக்காக்சால் உடைத்தால்தான் கொத்துக்கு நான்கு கிடைக்கும். 11 கொத்து போதும். தொட்டியின் உலர்ந்த விளிம்புகளில் அரைக்கட்டையை அடிப்பக்கமாகப் பதியுங்கள், அங்கே எதுவும் முளைக்காது.

எல்லாம் சரியாகக் கட்டியும் தொட்டி வெறுமையாக இருப்பது அடிக்கடி கேட்கும் குறை. காரணம் இரண்டு. கண்ணாடி முன்னால் நின்று காத்திருந்தால் எதுவும் வராது. ஆட்டக்காரரிடமிருந்து 24 கட்டத்துக்குள் எந்த உயிரும் தானாக முளைப்பதில்லை. தூரப் போய்விட்டுத் திரும்புங்கள். மற்றது, ஒரு நேரத்தில் முளைக்கக்கூடிய ஒளிரும் கணவாய்க்கு உச்சவரம்பு 5. சுற்றியுள்ள நீர்க்குகைகளில் ஐந்தும் மிதந்துகொண்டிருந்தால் உங்கள் தொட்டிக்கு ஒன்றும் மிஞ்சாது. அக்குகைகளில் கடல்லாம்பு வைத்து வெளிச்சமாக்குங்கள். வந்தவற்றுக்குப் பெயர்ச்சீட்டு கட்டினால்தான் நிலைக்கும். பெயரிட்டவை வரம்பில் சேராது என்பது கூடுதல் லாபம். நீர்ப்பல்லி போன்ற ஆக்சலாட்டிலை அதே தொட்டியில் விடாதீர்கள், கணவாயைக் கடித்தே தீர்க்கும். இன்னொன்று: ஒளிரும் கணவாய் பெயரில்தான் ஒளிரும், சுற்றுக்கு அது துளி வெளிச்சமும் தராது. அதை விளக்காக நம்பி மண்டபம் கட்டுகிறவர்கள் ஏராளம்.

மட்டக்களப்பு வாவிக்கரைக்குப் பழகிய கண்ணுக்கு மூன்றாவது வாழிடம் நெருக்கமாகப் படும்: கண்டல் சதுப்பு. 2022 இல் 1.19 உடன் வந்தது. கால் பரப்பிய வேர், சேறு, தவளை எல்லாம் உண்டு. இங்கே ஸ்லைம் உயரம் 51க்கும் 69க்கும் இடையில், வெளிச்சம் 7க்கு மேற்படாத இடத்தில் இரவில் வரும். கல்லடிப் பாலத்தடியில் நிலாக்காலத்தில் மீன் பாடும் என்பார்களே, இங்கேயும் பௌர்ணமிக்குத்தான் கூட்டம். அமாவாசையில் ஒன்றும் வராது. நிலவின் சுற்று எட்டு விளையாட்டு நாள், நம் நேரத்தில் 160 நிமிடம். ஸ்லைம் வரவில்லையே என்று கட்டியதை இடிக்கும் முன் வானத்தைப் பாருங்கள். ரெட்ஸ்டோன் டோர்ச் என்ற மங்கலான தீப்பந்தத்தின் அளவு சரியாக 7, சோம்பியைத் தடுக்கும், ஸ்லைமை முழுதாகத் தடுக்காது. ஆன்ம டோர்ச் 10, சாதாரண டோர்ச் 14, இரண்டும் வேண்டாம். தவளை சின்ன ஸ்லைமை மட்டுமே விழுங்கும். பெரியதை வாளால் பிரித்துப்போடவேண்டும்.

ஆழிருள் குகைகளின் ஸ்கல்க் ஷ்ரீக்கர் என்ற அலறும் கட்டையை அலங்காரத்துக்குக் கொண்டுவரப் பயப்படவேண்டாம். நாம் வைத்தது வார்டன் என்ற பயங்கர அரக்கனைக் கூப்பிடாது, உலகம் தானாக உருவாக்கியதுதான் கூப்பிடும்.

கட்டிமுடித்ததும் அமைப்புகளில் பிரகாசத்தைக் குறைத்துப் பாருங்கள், டிண்டட் கண்ணாடிக்குப் பின்னால் கணவாய் நீந்துவது அப்போதுதான் எடுபடும். அளவு எண்ணுக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை. கரண்ட் போகும் நாட்களில் எஸ்கேப் விசையை அடிக்கடி அழுத்திவிடுங்கள், அந்த நேரத்தில் உலகம் சேமிக்கப்படும்.